கிராம ஊராட்சியை ஊர் நம்ப என்ன செய்ய வேண்டும்: புதிய தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளில் புதிதாகப் பொறுப்புக்கு வரும் தலைவர், துணைத் தலைவர், வார்டு உறுப்பினர், ஊராட்சி செயலர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். கிராம சபைக்கு முன்னும் பின்னும் பல ஊராட்சிகளோடு சேர்ந்து வேலை செய்ததில் கண்ட வரிசை இது.

புதிதாக வருபவர்களில் பலர் ஒரே மாதிரி தடுமாறுகிறார்கள். முதல் மாதமே பெரிய திட்டம் ஒன்றை அறிவிக்கிறார்கள். பிறகு வீட்டு வரி பாக்கி கேட்கிறார்கள். யாராவது கணக்கு கேட்டால் எதிர்க்கட்சிக்காரர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கடைசியில் கிராம சபைக்கு ஆள் வருவதில்லை என்று வருந்துகிறார்கள்.

இதே வேலைகளை வரிசை மாற்றிச் செய்ய வேண்டும். முதலில் தினமும் மக்கள் கையில் படும் ஒரு சேவை சரியாக வேண்டும். அடுத்து புகாருக்குப் பதில் வர வேண்டும். அதன் பின் கணக்கு எல்லார் கண்ணிலும் பட வேண்டும். இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் கூட்டம், திட்டம், வரி எல்லாம். முதல் மூன்றைத் தாண்டிக் குதித்த ஊராட்சி எதுவும் பின்னால் அதை ஈடுகட்டி நான் பார்த்ததில்லை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பதவியேற்ற வாரமே ஊராட்சி செயலரோடு உட்கார்ந்து பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். ரொக்கப் பதிவேடு, வங்கிக் கணக்குப் புத்தகங்கள், தீர்மானப் பதிவேடு, சொத்துப் பதிவேடு, வீட்டு வரிக்கான கேட்பு வசூல் நிலுவைப் பட்டியல், கடைசித் தணிக்கை அறிக்கை, இன்னும் பணம் கொடுக்காத பில்கள். இவற்றைச் செயலர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவதுதான் முதல் தவறு. கிராம சபையில் கேள்வி உங்களிடம்தான் வரும். அப்போது செயலரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தால், இவருக்கு எதுவும் தெரியாது என்று ஊர் முடிவு செய்துவிடும்.

எந்தப் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பொது நிதி, மின் கட்டணமும் குடிநீர்க் கட்டணமும் கட்டுவதற்கான கணக்கு, திட்டப் பணிகளுக்கான கணக்கு எனப் பணம் தனித்தனியாக வருகிறது. 15ஆவது நிதிக்குழு மானியத்தையே எடுத்துக்கொண்டால், 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட முடியும் என்று கட்டுப்பாடு இருந்தது. மீதி 40 விழுக்காட்டில்தான் ஊருக்குத் தேவையானதைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. இது தெரியாத தலைவர் அலங்கார வளைவு கேட்டு வருபவரிடம் ‘பார்க்கலாம்’ என்பார். தெரிந்த தலைவர் ‘அந்தப் பணத்தில் முடியாது’ என்று அன்றே சொல்லிவிடுவார். இரண்டாவது பதில் அந்த நேரத்தில் கசக்கும், ஆனால் ஆறு மாத அலைச்சலையும் மனக்கசப்பையும் தடுத்துவிடும்.

ஊரின் வரைபடம் ஒன்றைக் கையால் வரைந்துகொள்ளுங்கள். குக்கிராமங்கள், மேல்நிலைத் தொட்டிகள், கேட்வால்வுகள், தெருக்குழாய்கள், விளக்குக் கம்பங்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வரையும்போதே எந்தத் தெரு விடுபட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

2. முதலில் ஒரே ஒரு சேவை: தண்ணீர்

சாலை, சமுதாயக் கூடம் ஆகியவற்றை ஒத்திவையுங்கள். அவற்றுக்கு மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், ஒப்பந்தம் என்று மாதக்கணக்கில் ஆகும். தண்ணீர் தினமும் வருவதால் முன்னேற்றம் வாரக்கணக்கில் தெரியும்.

தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் குடம் நிரம்பி வழியும்போது, கடைசித் தெருவில் நூல் போலச் சொட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கடைசிக் குழாய்க்குக் காலையில் தண்ணீர் விடும் நேரத்தில் போய் நில்லுங்கள். தொட்டி இயக்குநரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். குடம் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று அங்கேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வால்வுகளை முறை வைத்துத் திறக்கும் அட்டவணையை அந்தத் தெருப் பெண்களோடு சேர்ந்து போடுங்கள். எந்த நேரத்தில் யார் வீட்டில் இருப்பார்கள், யார் வயலுக்குப் போயிருப்பார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. அகற்றுவதானால் முதலில் தலைவரின் உறவினர் வீட்டிலும் உறுப்பினர்களின் வீடுகளிலும் இருப்பதை அகற்றுங்கள். காலனியிலோ எதிரணிக்காரர் வீட்டிலோ தொடங்கினால் ஊர் இதைப் பழிவாங்கல் என்றே எடுத்துக்கொள்ளும்.

தொட்டியின் தூணில் ‘சுத்தம் செய்த நாள், அடுத்துச் சுத்தம் செய்யும் நாள்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாதம் இருமுறை கழுவ வேண்டும் என்பது விதி. பல ஊர்களில் இதற்கு 5, 20 தேதிகள் வழக்கம். ஆனால் தொட்டியைக் கழுவாமலே தேதியை மட்டும் மாற்றி எழுதும் பழக்கமும் இருக்கிறது. தொட்டியில் ஏறுவதையும் ஏறாததையும் எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அந்தப் பொய்த் தேதியைப் படித்த பிறகு ஊராட்சி எழுதும் வேறு எதையும் அவர் நம்ப மாட்டார். ஆகவே கழுவும் நாளில் அந்தத் தெருவைச் சேர்ந்த இருவரை அழைத்து நிற்கவைத்து, அவர்கள் கையெழுத்தை ஒரு நோட்டில் வாங்குங்கள்.

குளோரின் சோதனையையும் மக்கள் முன்னிலையில் செய்யுங்கள். கடைசிக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும். சிறு குழாயில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் தெரிகிறதா என்று யாரும் பார்க்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு இந்தச் சோதனைக்கான பயிற்சி தர வேண்டும். உங்கள் ஊரில் அவர்கள் யார் என்று தேடிப் பிடியுங்கள்.

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அதன் பிறகு தொட்டியின் மூடியும் பூட்டும் ஏணியும் சிறிய விஷயங்கள் அல்ல. சாவி யாரிடம் இருக்கிறது என்பதைக் காலனி மக்கள் கேட்கும் முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

3. புகாருக்கு எண், தேதி, பதில்

புகார்ப் புத்தகம் ஒன்றைக் கார்பன் தாளுடன் வைத்துக்கொண்டு, எழுதியதும் நகலைக் கிழித்துக் கொடுங்கள். அந்தத் துண்டுச் சீட்டில் எண்ணும் நாளும் இருந்தால் போதும். வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு ‘சரிம்மா, பார்க்கிறேன்’ என்று சொல்லும் தலைவர்கள் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். மாலைக்குள் இருபது பேர் சொல்லிவிடுவதால் எதுவும் நினைவில் நிற்காது. மறந்தது ஊருக்குத் தெரியாது, அலட்சியம் என்றுதான் நினைக்கும்.

எந்தப் புகாருக்கும் மூன்றில் ஒரு பதில்தான் இருக்க முடியும். செய்ய முடியும் என்றால் தேதி சொல்லுங்கள். அதிகாரம் வேறு துறையிடம் இருந்தால் யாரிடம் போக வேண்டும் என்று சொல்லுங்கள். பட்டாவுக்குக் கிராம நிர்வாக அலுவலரும் வட்டாட்சியரும், ரேஷன் அட்டைக்கு வட்ட வழங்கல் அலுவலர், மின்கம்பிக்கு மின்வாரியப் பிரிவு அலுவலகம். ஊராட்சி சார்பில் ஒரு கடிதமும் எழுதி அதன் நகலைக் கொடுங்கள். மூன்றாவது பதில், முடியாது என்பது. காரணத்தோடு எழுத்தில் சொல்லுங்கள்.

அந்த மூன்றாவது பதிலைச் சொல்லத்தான் எல்லாரும் தயங்குகிறார்கள், ஓட்டுப் போய்விடும் என்று. ஆனால் ‘முடியாது’ என்பதை நேராகச் சொல்பவர் ‘முடியும்’ என்று சொன்னால்தான் ஊர் அதை நம்பும். எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவரின் ‘முடியும்’ ஒரு பேச்சுக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

தேதி சொல்லும்போது உங்களால் முடியும் என்று தோன்றுவதற்கு மேல் சில நாள் சேர்த்தே சொல்லுங்கள். சொன்ன நாளுக்கு முன் முடிந்தால் நல்லது. தள்ளிப்போகும் என்று தெரிந்தால் அந்த நாள் வருவதற்கு முன்பே அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

ஊராட்சியில் பதில் கிடைக்காவிட்டால் மேலே எங்கே போகலாம் என்பதையும் அலுவலக வாசலில் எழுதி வையுங்கள். ‘முதல்வரின் முகவரி’ உதவி எண் 1100, ‘ஊராட்சி மணி’ உதவி எண் 155340, வட்டார வளர்ச்சி அலுவலரின் அலுவலக எண். சிலர் இதற்குத் தயங்குவார்கள். தன் மேல் புகார் கொடுக்க வழி சொல்லும் நிர்வாகத்தின் மேல் மக்கள் அவ்வளவு எளிதில் புகார் கொடுப்பதில்லை என்பதே நான் கண்டது.

4. கணக்கைச் சுவரில் எழுதுங்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, அதன் 4ஆவது பிரிவில், கேட்காமலே தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. மனு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு மாதமும் வரவும் செலவும் ஊராட்சி அலுவலகச் சுவரில் மட்டுமின்றி, ரேஷன் கடை அருகிலும் காலனியிலும் பலகையில் வர வேண்டும். அலுவலகத்துக்கு வராதவர்கள்தான் ஊரில் அதிகம்.

எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வழக்கமாக எழுதும் வரி இப்படி இருக்கும்: ‘தெருவிளக்கு பராமரிப்பு, ரூ.10,150’. இதைப் படித்தவருக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘கிழக்குத் தெரு, கோயில் திருப்பம் முதல் பால் சொசைட்டி வரை 7 எல்.இ.டி. விளக்குகள் மாற்றியது. ஒன்று ரூ.1,450. மொத்தம் ரூ.10,150. பில் எண், நாள்.’ இனி அந்தத் தெருச் சிறுவன்கூட விளக்குகளை எண்ணிவிடலாம். எண்ணிப் பார்க்க முடிகிற கணக்கைத்தான் ஊர் நம்பும்.

மோட்டார் பழுது பார்த்த செலவு என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஊராட்சிகளில் அதிகம் சந்தேகிக்கப்படும் செலவு இது. எந்த ஆழ்துளைக் கிணற்று மோட்டார், எந்த நாள் கழற்றப்பட்டது, யார் முன்னிலையில், எந்தக் கடையில் ரீவைண்டிங், மாற்றிய பழைய பாகங்கள் எங்கே இருக்கின்றன என்று எழுதுங்கள். கருகிய பழைய காயிலை அலுவலகத்தில் அடுத்த கிராம சபை வரை வைத்திருங்கள்.

ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற ஊரில் 1994 டிசம்பரில் மக்கள் கூடி, ஊராட்சிப் பணிகளின் பில்களையும் கூலிப் பட்டியலையும் உரக்கப் படிக்கக் கேட்டார்கள். செய்யாத வேலைக்கு எழுதிய கணக்கை அந்த ஊர்க்காரர்களே அடையாளம் காட்டினார்கள். சுவரில் எழுதுவதோடு மாதம் ஒரு முறை ஒலிபெருக்கியில் வாசியுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் ஊர் நடப்பு முழுவதும் தெரியும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். நிதிக்குழு மானியச் செலவுகள் மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கின்றன. திருப்பூரில் வேலை செய்யும் உங்கள் ஊர் இளைஞர் கைப்பேசியில் அதைப் பார்த்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். சுவரில் ஒரு தொகையும் தளத்தில் இன்னொரு தொகையும் இருந்தால், அது வெறும் தட்டச்சுப் பிழை என்று நீங்கள் எவ்வளவு சொன்னாலும் எடுபடாது. சுவரில் எழுதும் முன் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

5. கிராம சபைக்கு முந்தைய இரண்டு வாரங்கள்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அறிவிப்பு ஏழு நாள் முன்பே போக வேண்டும். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லாரும் உறுப்பினர்கள்.

கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற கோரம் மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 வரை 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்த எண்ணிக்கையை எட்ட, நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களை அழைத்து வந்து உட்காரவைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வராவிட்டால் வேலை கிடைக்காது என்ற பயத்தில் வந்தவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். பதிவேட்டில் கோரம் இருக்கும், கூட்டத்தில் ஊர் இருக்காது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஆள் வர வேண்டுமானால் கூட்டத்துக்கு முன்பே குக்கிராமங்களுக்குப் போக வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல், ஒவ்வொரு வார்டிலும் ஒரு திண்ணையிலோ மரத்தடியிலோ உட்காருங்கள். ‘என்ன வேண்டும்?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘எல்லாம் வேண்டும்’ என்ற பதில்தான் வரும். ‘இந்த ஆண்டு இவ்வளவு பணம் வரும், இதில் இன்னின்ன வேலைக்குத்தான் முடியும், உங்கள் தெருவுக்கு ஒன்று என்றால் எது?’ என்று கேளுங்கள். தொகையைச் சொன்னவுடன் பேச்சின் போக்கே மாறுவதைப் பார்ப்பீர்கள். வடிகால் வேண்டும் என்றவர் பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து அளவு போடத் தொடங்கிவிடுவார். அங்கே வந்தவற்றை எழுதிக்கொண்டு பொருள் நிரலில் சேர்த்தால், தன் பேச்சு என்ன ஆகிறது என்று பார்க்கவே கிராம சபைக்கு வருவார்கள்.

அறிவிப்புக்குத் தண்டோரா வேண்டாம். 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதினார். குறிப்பிட்ட சாதியினரை அந்த வேலைக்கு வைத்திருந்தது அவமானம் என்று எல்லாரும் உணர வேண்டும். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கள்.

இடத்தை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். மதம் சார்ந்த வளாகத்தில் நடத்தக் கூடாது என்பது அரசின் அறிவுறுத்தல், கோயில் மண்டபம் எவ்வளவு வசதியாக இருந்தாலும் சரி. ஊர்த்தெருவில் தொடர்ந்து நடத்திவிட்டு ஒரு முறை காலனியில் நடத்தினால் யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்பது தெரியும். அது உங்களுக்கு அவசியமான தகவல்.

6. கூட்ட நாள்: எதை முதலில் பேசுவது

காலை 11 மணிக்குத் தொடங்கும் கூட்டத்தில் ஒரு மணிக்கு மேல் கூட்டம் கலைந்துவிடும், மே மாத வெயிலில் அதற்கும் முன்பே. வரவேற்புரை, பொன்னாடை, திட்ட விளக்கவுரை என்று முதல் ஒரு மணி நேரத்தைக் கொடுத்துவிட்டால் மக்கள் பேச நேரமே இருக்காது.

சென்ற கிராம சபைத் தீர்மானங்களில் எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் என்பதை முதலில் வாசியுங்கள். முடியாதவற்றை முதலில் சொல்வது இன்னும் நல்லது, எப்படியும் அதைத்தான் கேட்கப் போகிறார்கள். அடுத்து வரவு செலவு, தணிக்கை அறிக்கை. அதன் பின் கேள்விகள். புதிய திட்டம் கடைசியில். அரசின் பார்வையாளராக வரும் பற்றாளரிடமும் பிற துறை அலுவலர்களிடமும் இந்த வரிசையை முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவர்களும் ஒத்துழைப்பார்கள்.

இரண்டாவது ஒலிவாங்கி ஒன்று மக்கள் பக்கம் இருக்கட்டும். மேடையிலிருந்து கொண்டுபோய் நீட்டும் ஒலிவாங்கி யாரிடம் போக வேண்டும் என்பதை மேடைதான் தீர்மானிக்கிறது.

கையெழுத்து விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வெற்றுப் பதிவேட்டில் நுழைவிலேயே கையெழுத்து வாங்கிவிட்டு, தீர்மானங்களைப் பிறகு அலுவலகத்தில் எழுதுவது பல இடங்களில் நடக்கிறது. வருகைக் கையெழுத்து வேறு, தீர்மானத்துக்கான ஒப்புதல் வேறு. தீர்மானத்தை அங்கேயே எழுதி, அங்கேயே உரக்கப் படித்து, திருத்தம் கேட்டு, அதன் பிறகுதான் கையெழுத்துக்கு நீட்ட வேண்டும். அரை மணி நேரம் கூடுதலாகும். பரவாயில்லை.

7. நாற்காலியும் பேச்சும்

2016ஆம் ஆண்டு சட்டத் திருத்தத்தின்படி ஊராட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. ஆனால் தலைவரம்மா மேடையில் உட்கார்ந்திருக்க, கணவர் பதில் சொல்லும் கூட்டங்கள் இன்றும் நடக்கின்றன. வெளியூர் அலுவலர்கள்கூடக் கணவரின் கைப்பேசிக்குத்தான் அழைக்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவர், முடிவெடுப்பவர் வேறொருவர் என்றால் ஊர் யாரிடம் கணக்குக் கேட்கும்? தலைவரின் கணவருக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் மனைவி முதல் கூட்டத்தில் தடுமாறலாம், தடுமாறட்டும். நீங்கள் மக்களோடு கீழே உட்காருங்கள். ஒரு வாக்காளராகக் கை தூக்கிக் கேளுங்கள்.

பெண் தலைவர்களுக்கு உதவுவதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. கூட்டத்துக்கு முந்தைய நாள், வரக்கூடிய கேள்விகளைச் செயலரும் மகளிர் குழுப் பெண்களும் கேட்க, தலைவர் பதிவேட்டைப் பார்த்துப் பதில் சொல்லிப் பழகுவது. எண்கள் வாயில் வந்துவிட்டால் தயக்கம் போய்விடும்.

தலித் தலைவர்களுக்கு நாற்காலி மறுக்கப்பட்டதும், கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டதும் இந்த மாநிலத்தில் நடந்தவைதான். துணைத் தலைவரும் செயலரும் இங்கே தெளிவாக நிற்க வேண்டும். அப்படி ஏதாவது நடந்தால் பேசித் தீர்ப்போம் என்று மூடி மறைக்காமல் அன்றே மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள். அதைக் கண்டும் காணாமல் விட்ட ஊராட்சியின் பலகையையும் கணக்கையும் காலனி மக்கள் நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்க உங்களுக்கு உரிமை இல்லை.

8. தீர்மானம் எழுதும் முறை

‘ஊரில் சாலை வசதி மேம்படுத்த ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதினால் அதை வைத்து யாரும் எதுவும் கேட்க முடியாது, நீங்களும் எதுவும் செய்ய முடியாது. எந்தத் தெரு, எங்கிருந்து எங்கே வரை, எந்த நிதியிலிருந்து, யார் பொறுப்பு, எப்போதுக்குள் என்று எழுதுங்கள். எதிர்ப்பு இருந்தால் அதையும் பதியுங்கள். இருந்த எதிர்ப்பை மறைத்து ‘ஏகமனதாக’ என்று எழுதியதைப் பிறகு நகல் வாங்கிப் பார்ப்பவர் மறக்கவே மாட்டார்.

ஒரு வாரத்துக்குள் தீர்மானங்களின் நகலைப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

9. வேலை நடக்கும்போது ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்

சிமென்ட் சாலை போட்டு முடித்த பிறகு அதன் கனத்தை யாராலும் பார்க்க முடியாது. ஆகவே காட்ட வேண்டிய நேரம் கான்கிரீட் கொட்டுவதற்கு முந்தைய மாலை. பக்கச் சட்டம் அடித்து, அடித்தளம் போட்டு முடித்திருப்பார்கள். ஒன்றியப் பொறியாளரையும் தெருவாசிகள் நான்கு பேரையும் வரச்சொல்லி, மதிப்பீட்டில் உள்ள நீளம், அகலம், கனம் மூன்றையும் வாசித்து, டேப்பை அவர்கள் கையில் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். நீங்கள் அளந்து காட்டாதீர்கள். அவர்கள் அளந்ததை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஒப்பந்ததாரர் முணுமுணுப்பார். முதல் வேலையிலேயே இப்படி நடந்துவிட்டால் அடுத்த வேலைக்கு அளவு சரியாகவே வரும்.

பணிப் பலகையை வேலை தொடங்கும் நாளிலேயே வையுங்கள். வேலை முடிந்து பில் போடும்போது படம் எடுப்பதற்காக நடப்படும் பலகையால் யாருக்கும் பயனில்லை.

10. வரி கேட்கும் நேரம்

மேலே சொன்னவை ஓரளவு நடந்த பிறகு வரிக்குப் போங்கள். வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம் போன்றவைதான் ஊராட்சி தன் விருப்பப்படி செலவிடக்கூடிய சொந்த வருமானம்.

முதலில் தலைவர், உறுப்பினர்கள், செயலர் ஆகியோரின் சொந்த வீட்டு வரி பாக்கி இல்லாமல் கட்டப்பட்டு, ரசீது எண்களோடு பலகையில் வரட்டும். அடுத்து பெரிய வீடுகள், கடைகள், ஆலைகள். குடிசை வீட்டின் சிறு பாக்கியைத் துரத்திவிட்டு மாடி வீட்டின் பெரும் பாக்கியை விட்டுவைத்தால் ஊர் வாய்விட்டுச் சொல்லாது, ஆனால் கட்டாது.

ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். இணையத்திலும் கட்டலாம், கட்டத் தெரியாதவர்களுக்கு அலுவலகத்தில் உதவுங்கள். வசூலான வரியில் என்ன செய்தீர்கள் என்பதைத் தனிப் பத்தியாகச் சுவரில் எழுதுங்கள். மின் கட்டணத்துக்கே பெரும்பகுதி போய்விட்டது என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மாதம் எவ்வளவு மின் கட்டணம் வருகிறது என்று பல ஊர்களில் மக்களுக்கு யாருமே சொன்னதில்லை.

சான்றிதழ், குழாய் இணைப்பு போன்றவற்றை நிறுத்திவைத்து வரி வசூலிக்கும் குறுக்குவழியை நாடாதீர்கள். பணம் வரும், அதோடு முதல் மூன்று படிகளில் சேர்த்தது போய்விடும்.

11. கெட்ட செய்தியை நீங்களே முதலில் சொல்லுங்கள்

தணிக்கையில் ஆட்சேபணை வரலாம். மானியம் தாமதமாகலாம். போட்ட குழாய் உடையலாம். தேநீர்க் கடையில் இது பேச்சாகும் முன் பலகையில் வர வேண்டும்: என்ன நடந்தது, எவ்வளவு பணம், அடுத்து என்ன. ஊழியர் ஒருவர் தவறு செய்திருந்தால் விசாரணை யாரிடம் போயிருக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள், அவரை ஊர் நடுவில் அவமானப்படுத்தாதீர்கள். அப்படிச் செய்தால் மற்ற ஊழியர்கள் அடுத்த தவறை உங்களிடமிருந்தே மறைப்பார்கள்.

கேள்வி கேட்பவர் எரிச்சலூட்டுபவராக இருக்கலாம், தேர்தலில் தோற்றவராகவும் இருக்கலாம். கேள்வி சரியா என்பதை மட்டும் பாருங்கள். தண்ணீர்ச் சோதனைக்கும் சாலை அளவைக்கும் அவரையே சாட்சியாக அழைத்தால், அவர் ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்லும் ஒரு சொல்லுக்கு நீங்கள் நூறு முறை சொல்வதைவிட மதிப்பு அதிகம்.

12. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாத காலம், பதவி முடியும் நேரம்

2016 அக்டோபருக்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் தமிழக ஊராட்சிகளை அரசு நியமித்த தனி அலுவலர்களே நடத்தினார்கள். 2019 டிசம்பர் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோதும் தனி அலுவலர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவருக்குப் பல ஊராட்சிகள் இருக்கும், ஒவ்வொரு ஊரையும் அவரால் அறிந்திருக்க முடியாது. அந்தக் காலத்திலும் கிராம சபை நடக்கும், பலகை இருக்கும், புகார்ப் புத்தகம் இருக்கும். முன்னாள் உறுப்பினர்களும் மகளிர் குழுக்களும் இவை நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குறைந்தபட்சம் தொட்டி கழுவும் நாள் நோட்டும் மாதக் கணக்குப் பலகையும் விடுபடாமல் இருக்கட்டும்.

பதவி முடியும் தலைவர் தன் கடைசிக் கிராம சபையில் ஒப்படைப்புப் பட்டியலை வாசிக்க வேண்டும். ஒவ்வொரு கணக்கிலும் இருப்பு எவ்வளவு, கொடுக்க வேண்டிய பில்கள் எவை, முடியாத பணிகள் எந்த நிலையில் நிற்கின்றன, புகார்ப் புத்தகத்தில் பதில் தராத எண்கள் எவை, தொட்டிச் சாவிகள் யார் யாரிடம் இருக்கின்றன. வாசித்ததைத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றி, ஒரு நகலைச் செயலரிடமும் இன்னொன்றை வட்டார வளர்ச்சி அலுவலரிடமும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.